பிள்ளை ‘மொட்’ போடலாமா என்று கேட்டால்

எங்கள் வயதுப் பெற்றோர் கூடும் இடங்களில், பிறந்தநாள் கொண்டாட்டமோ தமிழ்ப் பள்ளி வாசலோ, இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது: “மகன் ஏதோ கேமுக்கு மொட் போடவேணும் எண்டு நிக்கிறான். அது என்ன சாமான்? விடலாமோ?” நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் கேள்வி கடைசியில் என் பக்கம்தான் திரும்பும்.

மொட் என்றால், விளையாட்டை வாங்கியவர்கள் தாங்களாகவே அதில் செய்து கொள்ளும் மாற்றம். ஒரு வாளின் நிறத்தை மாற்றுவதும் மொட்தான். புதிதாக ஒரு நாட்டையே கட்டி, அதில் ஆட்களைக் குடியேற்றி, அவர்களுக்குக் கதையும் பேச்சும் எழுதிக் கொடுப்பதும் மொட்தான். இந்த இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. மொட்டில் பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம்: மற்றவர்கள் செய்ததை இறக்கிப் போடுகிறதா, அல்லது தானே ஏதாவது எழுதுகிறதா?

இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ தொடர். அமெரிக்காவின் மேரிலாந்தில் இருக்கும் பெதெஸ்டா நிறுவனத்தின் கற்பனை உலக விளையாட்டு. 1994இல் தொடங்கியது. அதில் 2002இல் வந்த மொரோவிண்ட், 2006இல் வந்த ஒப்லிவியன், 2011இல் வந்த ஸ்கைரிம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாத்திரங்கள் பேசும் விதம் எப்படி மாறியது, அதோடு சேர்ந்து நாங்கள் அதற்குள் பேச்சு எழுதும் வழி எப்படிச் சுருங்கியது என்று தெளிவாகத் தெரியும்.

மொரோவிண்ட்: வாசித்தால்தான் வழி தெரியும்

மொரோவிண்ட் தொடங்கும்போது நீங்கள் கப்பலில் வந்து இறங்கும் கைதி. செய்டா நீன் என்ற சின்னத் துறைமுகத்தில் பெயர் கேட்பார்கள், எந்த இனம் என்று கேட்பார்கள், ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லாவற்றையும் பதிந்து கொண்டு தாள் தருவார். வெளியே வந்தால் ஊர்க்காரர் உங்களை ‘அவுட்லாண்டர்’ என்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் வந்தான் வரத்தான். ரொறன்ரோவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது முதல்முறை இதை விளையாடினேன். இந்தக் காட்சியை அம்மாவுக்குச் சொன்னபோது அவர் சிரித்தார். விமான நிலையத்தில் அவர் பட்ட பாடு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் குரல் மிகக் குறைவு. ஆட்கள் கிட்டப் போனால் ஒரு வரி சொல்லிக் கூப்பிடுவார்கள், சண்டையில் கத்துவார்கள். மிச்சப் பேச்செல்லாம் எழுத்து. பேச்சின் நடுவே சில சொற்கள் வேறு நிறத்தில் இருக்கும். அதைத் தொட்டால் அந்த விடயம் பற்றிய பதில் வரும். ஒரு ஊரின் பெயரைக் கேட்டால் காவலாளி ஒன்று சொல்வார், வியாபாரி வேறொன்று சொல்வார், ஆலயத்துக்காரர் இன்னொன்று சொல்வார்.

வழி காட்டும் அம்புக்குறியும் கிடையாது. முதல் வேலையே பல்மோரா என்ற ஊருக்குப் போய்க் கையஸ் கொசாடெஸ் என்பவரைக் கண்டுபிடிப்பது. எங்கே இருக்கிறார் என்று ஒரு தவறணையில் விசாரிக்க வேண்டும். அடுத்தடுத்த வேலைகளுக்கும் “பாலத்தைக் கடந்து தெற்கே போ, பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம்” என்கிற மாதிரித்தான் வழி சொல்வார்கள். கவனமாக வாசிக்காத பிள்ளை மலைக்குப் பின்னால் தொலைந்து நிற்கும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் உங்கள் மேல் எவ்வளவு விருப்பம் என்று 0 முதல் 100 வரை ஒரு கணக்கு. உங்கள் இனம், நீங்கள் சேர்ந்த கூட்டம், நீங்கள் பேசிய விதம், கொடுத்த கைலஞ்சம் எல்லாம் அதை ஏற்றும், இறக்கும். இந்த எண்ணுக்குப் பிறகு திரும்பி வருவோம்.

ஒப்லிவியன்: எல்லோருக்கும் குரல் வந்தது

நான்கு வருடம் கழித்து வந்த ஒப்லிவியனில் ஒவ்வொரு வரியும் குரலில். பேரரசருக்குக் குரல் கொடுத்தவர் பட்ரிக் ஸ்டுவர்ட், இன்னொரு முக்கிய பாத்திரத்துக்கு ஷான் பீன். கேட்கவே நன்றாக இருந்தது. ஆனால் குரல் என்றால் ஒலிப்பதிவு, நடிகர், நேரம், காசு. ஒரு பொருள் பற்றி நாற்பது பேர் நாற்பது விதமாகச் சொல்லும் ஆடம்பரம் போய்விட்டது. சில நடிகர்களே ஊர் முழுக்கப் பேசினார்கள். கடைக்காரரும் காவலாளியும் ஒரே குரலில் கதைப்பது வெகு சாதாரணம்.

ஒருவரைப் பேசி வசப்படுத்துவது ஒரு சக்கர விளையாட்டாக மாறியது. புகழ்வது, பெருமை அடிப்பது, பகிடி விடுவது, மிரட்டுவது என்று நான்கு பகுதி. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அவருக்குப் பிடித்ததைப் பெரிதாகவும் பிடிக்காததைச் சிறிதாகவும் அமுக்க வேண்டும். என்ன சொன்னீர்கள் என்பது அதில் இல்லை. பாத்திரங்கள் தெருவில் தங்களுக்குள்ளும் பேசிக் கொள்ளும். இன்று சிரித்தபடி பகிரப்படும் ஒப்லிவியன் காணொளிகளில் பாதி, தொடர்பே இல்லாமல் நண்டைப் பற்றி இருவர் பேசும் அந்த உரையாடல்கள்தான். திசைகாட்டியில் அம்புக்குறியும் வந்தது. வாசிக்காமலே விளையாடி முடிக்கலாம் என்ற நிலை அங்கே தொடங்கியது.

ஸ்கைரிம்: நடந்துகொண்டே பேச்சு

ஸ்கைரிமில் இந்தக் குறைகளில் பல சரியாகின. 60,000க்கும் மேற்பட்ட வரிகள், 70க்கும் மேற்பட்ட குரல் நடிகர்கள். பேசும்போது உலகம் உறைந்து நிற்பதில்லை. கொல்லன் இரும்பை அடித்துக்கொண்டே பேசுவான், நீங்கள் பாதியில் திரும்பி நடக்கலாம். முழங்காலில் அம்பு பட்டதாகச் சொல்லும் காவலாளியின் வரி உலகம் முழுக்கப் பகிடியானது.

ஆனால் உங்களுக்குத் தரப்படும் பேச்சு, திரையில் வரும் இரண்டு மூன்று வரிகளில் ஒன்றைத் தெரிவு செய்வது. மொரோவிண்டில் எல்லோர் விடயத்திலும் கண் முன்னே தெரிந்த விருப்ப எண் மறைந்துவிட்டது. பேச்சுத் திறன் போதுமானால் வசப்படுத்தலாம், இல்லாவிட்டால் மிரட்டலாம், காசு கொடுக்கலாம். எனக்கு ஸ்கைரிம் மிகவும் பிடிக்கும். மூன்றில் அழகானது அதுதான். பேச்சில் ஆழமானது என்று கேட்டால் மொரோவிண்டைத்தான் காட்டுவேன்.

எழுதுகிறவர் பக்கம் இருந்து பார்த்தால்

மொரோவிண்டின் கணினிப் பதிப்போடு இரண்டாவது தட்டு ஒன்றும் வந்தது. விளையாட்டைக் கட்டிய கருவியின் ஒரு வடிவம் அதில் இருந்தது. திறந்தால் ஊர்கள், வீடுகள், ஆட்கள், அவர்களின் பேச்சு எல்லாம் பட்டியலாக உங்கள் முன். ஒரு வரி சேர்க்க வேண்டுமா? எந்தப் பொருள் பற்றி என்று தெரிவு செய்து, வரியைத் தட்டச்சு செய்து, யார் எப்போது சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையைப் போட்டால் முடிந்தது. தட்டச்சு தெரிந்த பிள்ளையின் வரி, நிறுவனம் எழுதிய வரியின் பக்கத்தில் வித்தியாசமே தெரியாமல் நிற்கும்.

இதனால்தான் ‘டம்ரியல் ரீபில்ட்’ போன்ற வேலை சாத்தியமானது. மொரோவிண்ட் கடைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிய தொண்டர் திட்டம் இது. விளையாட்டில் காட்டப்படாத பெருநிலத்தைத் துண்டு துண்டாகக் கட்டி வருகிறார்கள், இன்னும் முடியவில்லை. தொடங்கியவர்களில் பலர் போய், புதியவர்கள் வந்துவிட்டார்கள். பேச்சு எழுத்தாக இருப்பதால் யார் வந்தாலும் தொடரலாம்.

ஒப்லிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் கருவி தரப்பட்டது. ஸ்கைரிமுக்கு 2012 பெப்ரவரியில் வந்தது. ஆனால் இப்போது வரி எழுதினால் மட்டும் போதாது, அதைப் பேச ஆள் வேண்டும். குரல் இல்லாத வரி திரையில் வந்த வேகத்தில் ஓடிவிடும். அதை வாசிக்கும் நேரம் நிறுத்தி வைக்கவே தனியாக ஒரு மொட் செய்தார்கள். சிலர் பழைய குரல் வரிகளை வெட்டி ஒட்டிப் புது வசனம் ஆக்கினார்கள். சிலர் தொண்டர் நடிகர்களைத் தேடினார்கள்.

அந்தக் கஷ்டத்தைத் தாண்டியவர்கள் பெரிய வேலை செய்தார்கள். ஜேர்மன் குழு ஒன்று 2016இல் வெளியிட்ட ‘எண்டெரல்’, ஸ்கைரிமின் இயந்திரத்தில் ஓடும் முற்றிலும் புதிய கதை. ஜேர்மன், ஆங்கிலம் இரண்டிலும் முழுக் குரல். அவுஸ்திரேலியாவின் நிக் பியர்ஸ் செய்த ‘த ஃபொர்கொட்டன் சிற்றி’ மொட்டுக்கு அந்நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் விருது 2016இல் கிடைத்தது. 2021இல் அது தனி விளையாட்டாகவே வெளிவந்தது. ஆனால் இவை பல வருட உழைப்பு. மொரோவிண்டில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு பிள்ளை செய்யக் கூடியது இங்கே அவ்வளவு இலகுவாக இல்லை.

தமிழுக்கு இதில் எங்கே இடம்?

ஸ்கைரிம் பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானிஷ், இத்தாலியன், போலிஷ், ரஷ்யன், யப்பானிய மொழிகளிலும் வந்தது. தமிழில் இல்லை. வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நாங்களே சேர்க்கலாமா என்றால், மொரோவிண்டின் எழுத்து முறை ஒரு எழுத்துக்கு ஒரு பைட். மொத்தம் 256 இடம். தமிழ் எழுத்து 247தானே என்று மகள் உடனே கணக்குப் பார்த்தாள். ஆனால் அந்த இடங்களில் ஏற்கெனவே ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் அப்பா அம்மா காலத்துப் பாமினி எழுத்துரு ஞாபகம் இருக்கும். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழைப் போட்டு ஏமாற்றும் அதே வேலையை இங்கேயும் செய்யப் பார்க்கலாம். செய்தால் விளையாட்டின் ஆங்கிலம் முழுக்கக் குப்பையாகத் தெரியும்.

மகளுக்கு வயது 13. மொரோவிண்ட் வட அமெரிக்கத் தரப்படுத்தலில் பதின்வயதினருக்கானது என்பதால் அதிலேயே தொடங்கினோம். செய்டா நீனின் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான பெண்ணை இருத்த வேண்டும், அவர் தமிழில் பேச வேண்டும் என்பது அவள் திட்டம். எழுத்தை ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டச்சு செய்வது, கூடவே என் அம்மாவின், அதாவது அவளின் அப்பம்மாவின், குரலை ஒலிக்க விடுவது என்று முடிவானது. மொரோவிண்டில் ஒரு வரியோடு ஒலிக் கோப்பு ஒன்றையும் ஓட விடலாம். ஒலிக்கு எழுத்துரு தேவையில்லை. எந்த மொழி என்று கருவி கேட்பதும் இல்லை.

மகள் முதலில் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பு வரி எழுதிக்கொண்டு போனாள். அதைத் தமிழில் சொல்லச் சொன்னால் அப்பம்மா திருப்பிக் கேட்டார்: “ஆருக்குச் சொல்லுறது?”

“அப்பம்மா, ஆருக்கெண்டாலும். விளையாடுற ஆளுக்கு.”

“ஆரெண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? தெரிஞ்ச ஆளோ, தெரியாத ஆளோ?”

அந்த விருப்ப எண் இங்கேதான் வேலைக்கு வந்தது. மொரோவிண்டில் ஒவ்வொரு வரிக்கும் குறைந்தபட்ச விருப்பம் எவ்வளவு என்று போடலாம். அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொம்பியூட்டர் தெரியாத அவர் ஒரு தாளில் நாலு வரி சொல்லிக் கொடுத்தார்.

விருப்பம் 30 என்றால்: “வாங்கோ. எங்கயிருந்து வாறியள்?”

60 என்றால்: “வாரும், இரும். சாப்பிட்டனீரோ?”

80 என்றால்: “வா பிள்ளை. ஏன் இவ்வளவு நாளாக் காணேல்லை?”

அதற்கும் கீழே, 0: “நீ ஏன் இஞ்ச நிக்கிறாய்? போ.”

நீங்கள், நீர், நீ. யாழ்ப்பாணத் தமிழில் இந்த மூன்று படியும் உண்டு என்று மகளுக்குத் தமிழ் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அது பரீட்சைக்கு. இங்கே அவள் கேட்ட கேள்வி வேறு: “மேலயும் ‘நீ’, கீழயும் ‘நீ’. பிறகு எப்பிடி அந்த ஆளுக்குத் தெரியும், அன்போ கோவமோ எண்டு?” அப்பம்மா இரண்டையும் சொல்லிக் காட்டினார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எழுத்தில் ஒன்றாகத் தெரியும் சொல்லைக் குரல் பிரித்துக் காட்டுகிறது. ஒப்லிவியன் குரலைக் கொண்டு வந்ததில் இருந்த நியாயமும் அதுதான்.

அடுத்தது நிரலாக்கப் பாடம். விளையாட்டு வரிகளை மேலிருந்து கீழே பார்க்கும், முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். 0 என்ற வரியை மேலே வைத்தால் எல்லோருக்கும் “போ” தான். ஆகவே 80 மேலே, 0 கடைசியில். இதை மகள் தானாகவே இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். ஒலிப்பதிவு என் கைபேசியில், சமையலறையில். பின்னால் ஃப்ரிட்ஜ் இரையும் சத்தமும் கொஞ்சம் கேட்கும்.

விடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, வயதுத் தரப்படுத்தல். அது விளையாட்டுக்கு, மொட்டுக்கு அல்ல. 2006இல் ஒப்லிவியன் பதின்வயதினருக்கு என்று வந்து, சில வாரங்களிலேயே 17 வயதுக்கு மேல் என்று மாற்றப்பட்டது. வன்முறைக் காட்சிகள் ஒரு காரணம். கோப்புகளுக்குள் மறைந்திருந்த ஒரு நிர்வாணப் படத்தை வெளியார் செய்த மொட் ஒன்று திறந்து விட்டது இன்னொரு காரணம். ஸ்கைரிம் தொடக்கத்திலிருந்தே அமெரிக்காவிலும் கனடாவிலும் 17+, ஐரோப்பாவில் 18. மொட் தளங்களில் வளர்ந்தோருக்கான பகுதியைக் காட்டுவதா மறைப்பதா என்ற அமைப்பு இருக்கும். கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களே திறவுங்கள்.

இரண்டாவது, கோப்பு. மொட் என்பது முன்பின் தெரியாத ஒருவர் செய்தது. பலர் பயன்படுத்திக் கருத்துச் சொன்ன மொட்டையே எடுக்கச் சொல்லுங்கள். தனி நிறுவல் நிரலை ஓட்டச் சொல்லிக் கேட்டால், உங்களைக் கேட்காமல் ஓட்டக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள். சேமித்த விளையாட்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தால் பிறகு அழுகை இல்லை.

மூன்றாவது, காசு. 2006இல் ஒப்லிவியன் குதிரைக்கு ஒரு கவசத்தை எக்ஸ்பொக்ஸில் 2.50 அமெரிக்க டொலருக்கு நிறுவனம் விற்றபோது உலகமே சிரித்தது. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் மொட்டுகளைக் காசுக்கு விற்கும் திட்டம் வந்தது. செய்தவருக்கு 25 சதவீதம் மட்டும். எதிர்ப்பு வந்ததால் ஒரு வாரத்துக்குள் நிறுத்தினார்கள். ஆனால் 2017இல் வேறு வடிவில் திரும்பி வந்தது. கடன் அட்டையைக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

நான்காவது, செயற்கை நுண்ணறிவு. 2023 முதல் ஸ்கைரிம் பாத்திரங்களோடு ஒலிவாங்கியில் எதையும் பேசிப் பதில் வாங்கும் மொட்டுகள் உண்டு. பார்க்க அதிசயமாக இருக்கும். ஆனால் பிள்ளை பேசுவது பெரும்பாலும் வெளியே ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் திரும்பும். அந்தப் பதிலை முன்கூட்டி யாரும் வாசித்துப் பார்த்ததும் இல்லை. நடிகர்களின் குரலை அவர்களைக் கேட்காமல் நகல் எடுத்துப் புது வசனம் பேச வைத்ததை நடிகர்களே எதிர்த்தார்கள். மகளுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: அப்பம்மாவிடம் கேட்டுத்தானே பதிந்தாய்? மற்றவர் குரலுக்கும் அதே மரியாதை.

எங்கே தொடங்கலாம்

விளையாட்டுப் பழக்கமே இல்லாத பெற்றோருக்கும் நான் சொல்வது, ஒரு ஆளும் நாலு வரியும் போதும். மொரோவிண்ட் பழைய விளையாட்டு, விலை குறைவு, பழைய மடிக்கணினியிலும் ஓடும். மக்கில் என்றால் ‘ஓப்பன் மொரோவிண்ட்’ என்ற இலவச இயந்திரமும் அதற்கான கருவியும் உண்டு. விளையாட்டை மட்டும் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். நிரலாக்கம் உங்களுக்குத் தெரியத் தேவையில்லை. பிள்ளை கண்டுபிடித்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, வீட்டில் தமிழ் பேசும் மூத்தவர் ஒருவரையும் அந்த மேசையில் இருத்துவது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். அதற்கு ஆயிரம் காரணம். ஒன்று, அவர்கள் தமிழில் ஒரு வரியைத் தாங்களாக அமைக்க வேண்டிய தேவையே வருவதில்லை. இந்த மொட்டில் அந்தத் தேவை வந்தது. இப்போது மகள் இரண்டாவது பாத்திரம் எழுதுகிறாள்: கரையில் மீன் விற்கும் ஒருவர். அவர் அப்பம்மாவை விட வயது குறைந்தவர், விளையாடுகிறவரை விடக் கூடியவர். எந்த எண்ணில் “நீர்” தொடங்கும் என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.